புது சைக்கிள், பழைய பல்

சேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி, மூன்றாம் வருடம் மெக்கானிக்கல். ஆள் பேர் வேண்டாம். "நம்மாளு" என்றே வைத்துக்கொள்வோம்.

நம்மாளுக்கு மலைச் சைக்கிள் பைத்தியம். கடையில் முழுசாக வாங்கி ஓட்டுபவர்களைப் பார்த்தால் ஒரு இளக்காரம். தானே கோர்த்தால்தான் அது சைக்கிள் என்று ஒரு கொள்கை. ஃபிரேம் ஒரு மாசம், ஃபோர்க் அடுத்த மாசம், வீல் அதற்கடுத்த மாசம் என்று எட்டு மாசம் பொட்டலம் பொட்டலமாக வந்து அறைக் கட்டிலுக்கு அடியில் சேர்ந்தது. பாதிப் பணம் பத்தாவது பையன்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தது. மீதிப் பாதி அம்மா சீட்டுப் போட்டு எடுத்துக் கொடுத்தது. கொடுக்கும்போது அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"எல்லாம் புதுசு தானே சாமி?"

"ஆமாம்மா."

இந்த "ஆமாம்மா"வைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து கோர்த்து முடித்தான். முன்னால் 32 பல் உள்ள ஒரே சக்கரம். பின்னால் 11-லிருந்து 36 பல் வரை பத்துச் சக்கரம் அடுக்கிய கேசட். சீல் பிரிக்காத புதுச் செயின். மேட் கறுப்பில் பளபளக்காத ஹேண்டில்பார், அதற்குப் பொருத்தமாக அலுமினிய பெடல். அறைத்தோழன் பார்த்துவிட்டு "டேய்... இது சைக்கிளா, ஃபைட்டர் ஜெட்டா?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கு எட்டு மாசம் தகும் என்று நினைத்தான் நம்மாளு.

ஞாயிறு காலை மேம்பாலம். ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து நின்று ஒரு அழுத்து அழுத்தினான். "டொக்!" காலுக்கு அடியில் இருந்த பெடல் திடீரென்று காணாமல் போன மாதிரி இருந்தது. முழங்கால் போய் ஸ்டெம்மில் மோதியது, ஹேண்டில் வலது பக்கம் ஒரு வெட்டு வெட்டியது. பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில் உயிர் போய்த் திரும்பி வந்தது. லாரி நின்றதால் தப்பித்தான், அவ்வளவுதான்.

செயின் தாவுகிறது.

மிதிக்கும்போது பின்சக்கரப் பல்லில் உட்கார வேண்டிய செயின், உட்காராமல் அடுத்த பல்லுக்கு எகிறிக் குதிப்பதுதான் இந்தத் தாவல். உட்கார்ந்து மெதுவாக மிதித்தால் ஒரு எரிச்சல். நின்று மிதிக்கும்போது நடந்தால் பல் போகும் (செயின் பல் இல்லை, நம்ம பல்).

வீட்டுக்குப் போனால் தங்கச்சி வாசலிலேயே நிற்கிறாள். "அண்ணா, ஒரே ஒரு ரவுண்டு!"

"வேண்டாம்."

"தெரு முனை வரைக்கும்ணா!"

"வேண்டாம்னா வேண்டாம்டி."

"பெரிய சைக்கிள்... நீயே கட்டிட்டு அழு!" என்று உள்ளே போய்விட்டாள். கருமித்தனம் என்று நினைத்துக்கொண்டாள். இது ஆளைக் கவிழ்க்கிற சைக்கிள் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. எட்டு மாசம் பீற்றியாகிவிட்டதே.

முதல் குற்றவாளி: கேபிள்

புதுசாகக் கோர்த்த சைக்கிளில் செயின் சரியில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைக்கிற இடம் கியர் கேபிள். அதில் நியாயம் இருக்கிறது. பத்துச் சக்கரக் கேசட்டில் ஒரு சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் நடு இடைவெளி 4 மில்லிமீட்டர் கூட இல்லை, 3.95 தான். ஒரு கிளிக்குக்கு டிரெய்லர் (அதான், செயினைத் தள்ளிவிடுகிற டிரெய்லியர்) சரியாக அவ்வளவு நகர வேண்டும். கொஞ்சம் பிசகினால் செயின் இரண்டு சக்கரத்துக்கு நடுவில் "போவதா வேண்டாமா" என்று தத்தளிக்கும்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிளிக்கே கிடையாது. நெம்புகோலைக் கையால் நகர்த்தி, காதால் கேட்டு, சத்தம் அடங்கின இடத்தில் விட்டுவிட வேண்டியதுதான். 1984-ல் ஷிமானோ தன் டியூரா ஏஸ் பந்தய வரிசையில் கிளிக் முறையைக் கொண்டுவந்தது. மலைச் சைக்கிளுக்கான டியோர் எக்ஸ்டி வரிசைக்கு அது 1987-ல் வந்தது. அன்றிலிருந்து ஓட்டுகிறவன் காதுக்கு ஓய்வு, கோர்க்கிறவன் தலைக்கு வலி.

புதுக் கேபிளில் இன்னொரு விஷயம். கேபிள் உறை அதன் குழிக்குள் முழுசாக உட்காராமல் இருந்தால், முதல் சவாரியிலேயே உள்ளே இறங்கிவிடும். கேபிள் தொய்ந்த மாதிரி ஆகிவிடும். நம்மாளு சைக்கிளிலும் இது நடந்திருந்தது. பாரல் திருகை அரைச் சுற்று, கால் சுற்று என்று வெளியே திருகினான். "டிக் டிக் டிக்" என்று வந்த சத்தம் நின்றது.

ஜன்னல் கம்பியில் கயிறு கட்டி சைக்கிளைத் தொங்கவிட்டு, கையால் பெடலைச் சுற்றினான். பத்து கியரும் வெண்ணெய். சரியாகிவிட்டது என்று ரோட்டுக்குப் போனான்.

"டொக்!"

இரண்டாவது குற்றவாளி: மடங்காத கண்ணி

இந்தத் தடவை நம்மாளு உருப்படியாக ஒரு காரியம் செய்தான். சும்மா திட்டாமல், தாவலை எண்ணினான். மெதுவாக மிதிக்கும்போது வருகிற சின்னத் துள்ளல் ஒன்று இருந்தது. பெடல் மூன்று சுற்றுக்கு மேல், நான்கு ஆவதற்குள் ஒரு தடவை. திரும்பத் திரும்ப அதே கணக்கு.

கணக்கு வாத்தியார் இல்லையா, பிடித்துவிட்டான். செயினில் 108 கண்ணி. முன்சக்கரத்தில் 32 பல். 108-ஐ 32-ஆல் வகுத்தால் 3.375. அதாவது செயினில் ஏதாவது ஒரு இடத்தில் கோளாறு என்றால், பெடல் மூன்றே கால் சுற்றைத் தாண்டியதும் அந்த இடம் மறுபடி பின்னால் வந்து நிற்கும். பெடலின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை துள்ளினால் முன்சக்கரத்தில் கோளாறு. மூன்றே கால் சொச்சத்துக்கு ஒரு தடவை என்றால் செயினில்.

பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டே டிரெய்லியரின் கீழ்ச் சின்னச் சக்கரத்தையே பார்த்தான். ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைப்பாக வந்தது. அது வரும்போதெல்லாம் டிரெய்லியர் ஒரு தூக்கித் தூக்கிப் போட்டது.

எந்தக் கண்ணி? இவனே கோர்த்த கண்ணி! நீளம் குறைப்பதற்காக ஆணியைத் தள்ளியவன், அதே ஆணியைத் திரும்ப உள்ளே அடித்துச் செயினைச் சேர்த்திருந்தான். பழைய ஒற்றை கியர் சைக்கிளில் இது செல்லும். பத்து கியர் செயின் ஒல்லி. அதில் ஆணியின் இரண்டு முனையையும் ஃபேக்டரியிலேயே தட்டிப் பரத்தியிருப்பார்கள். ஒரு தடவை வெளியே தள்ளினால் அந்தப் பிடிப்பு போச்சு. திரும்பப் போட்டால் ஒன்று விறைக்கும், இல்லையென்றால் ஒரு நாள் நடுரோட்டில் விட்டுக்கொள்ளும். அந்தக் கண்ணியையே கழற்றிவிட்டு, கையால் மாட்டுகிற க்விக் லிங்க் ஒன்றைப் போட்டான். துள்ளல் போயே போச்சு.

மேம்பாலம். எழுந்து நின்றான்.

"டொக்!"

அவ்வ்வ்வ்...

மூன்றாவது: பாவம், ஒன்றுமறியாத டிரெய்லியர்

இங்கேதான் நம்மாளு நிதானம் இழந்தான். அறையில் தொங்கவிட்டால் நல்ல பிள்ளை, ரோட்டில் இறங்கினால் ரவுடி. அப்படியென்றால் டிரெய்லியரின் ஸ்பிரிங் வீக் என்று முடிவு கட்டினான். டியூஷன் பணம் இரண்டு மாசத்தைப் போட்டு புது டிரெய்லியர் வாங்கினான். கூடவே கேபிள் ஒரு செட். அதோடு செயின் தேய்மானம் பார்க்கிற அளவுக்கோல் ஒன்று. கோலை வைத்துப் பார்த்தான். செயினில் தேய்மானம் பூஜ்ஜியம். "செயின் சுத்தம்" என்று அறைத்தோழனிடம் வெற்றிச் சிரிப்பு சிரித்தான்.

புதுச் செயின் புதுசாக இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு கருவி! அந்தக் கோல் செயினை மட்டும்தான் அளக்கும், பல்லை அளக்காது. இது இவனுக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதுதான் விஷயம்.

புது டிரெய்லியரும் தாவியது.

ஒரு வாரம் சைக்கிள் மூலையில் நின்றது. இரண்டு வாரத்தில் ஏற்காடு ஏறுவதாக வகுப்பில் ஐந்து பேர் பிளான். "ஃபைட்டர் ஜெட் வருதுல்ல?" என்று தினமும் ஒருத்தன் கேட்பான்.

சைக்கிள் கடைப் பெரியவர்

பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவது, கோட்டம் எடுப்பது, பால்ஸ் மாற்றி கிரீஸ் வைப்பது. அவ்வளவுதான். கடைக்காரர் அறுபது தாண்டியவர். நம்மாளு தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போவான், ஒரு நாளும் நிறுத்தியதில்லை. கியர் சைக்கிளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று ஒரு எண்ணம். அன்றைக்கு நிறுத்தியது காற்றடிக்க.

"என்ன தம்பி, முகம் வாட்டமா இருக்கு? வண்டி ஷோக்கா இருக்கே."

"செயின் தாவுதுங்கய்யா. எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணும் பிடிபடலை."

"எல்லா பல்லுலயும் தாவுதா, ஏதாச்சும் ஒண்ணுலயா?"

இந்தக் கேள்வியை இரண்டு மாசத்தில் இவன் தன்னிடமே கேட்டுக்கொள்ளவில்லை. யோசித்தான். பெரிய சக்கரங்களில் இல்லை. கடைசிச் சின்னதிலும் இல்லை. நடுவில்... 15, 17.

பெரியவர் செயினை 17-ல் போடச் சொன்னார். இவனைப் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் பெடலை இரண்டு கையாலும் முன்பக்கமாக அழுத்தினார். சக்கரம் சுற்றவில்லை. ஆனால் செயின் பல்லின் முதுகில் மெல்ல ஏறுவது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"செயின் எப்ப போட்டது தம்பி?"

"புதுசுங்கய்யா."

"பல்லு?"

பதில் இல்லை.

"பல்லு எங்க வாங்கினீங்க?"

"...ஒரு சீனியர் அண்ணன்கிட்ட. ரொம்ப ஓடலைன்னு சொன்னாரு."

பெரியவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கந்தல் துணியால் அந்தச் சக்கரத்தைத் துடைத்துக் காட்டினார். பக்கத்துச் சக்கரத்துப் பல் நேராக நிற்க, 17-ன் பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி இருந்தது. "மோட்டார் பைக்குக்கு மட்டும் செயின், ஸ்பிராக்கெட்டு எல்லாம் செட்டா மாத்துறீங்க. சைக்கிளுன்னா மட்டும் எப்படித் தம்பி தனியா ஓடும்?" என்றார். அப்புறம், "அந்த அண்ணன்கிட்ட பழைய செயின் இருந்தா வாங்கிப் போட்டுப் பாருங்க. தாவாது."

சாயங்காலமே சீனியருக்குப் போன். "அண்ணா, அந்த செயினை எப்பண்ணா மாத்துனீங்க?"

"எங்கடா மாத்துனேன்? அது பாட்டுக்கு ஜம்முன்னு ஓடுச்சு. இங்கதான் ஆணியில தொங்குது, வேணும்னா எடுத்துக்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு ஜம்மென்றுதான் ஓடியது. இரண்டும் சேர்ந்தே தேய்ந்ததால் ஓடியது.

அந்த அழுக்குச் செயினைக் கொண்டுவந்து ஸ்கேலை வைத்தான். சைக்கிள் செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் காட்ட வேண்டும். காட்டியது 12-ம் ஒரு அரைக்கால் அங்குலமும். நூற்றுக்கு ஒரு பங்கு நீட்சி. 108 கண்ணிக்குக் கணக்குப் போட்டால் முழுச் செயினும் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. இரும்பு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு ஆணியும் அதன் துளையும் துளித்துளியாகத் தேய்ந்து, அந்தத் துளியெல்லாம் சேர்ந்து வந்த நீளம்.

நீண்ட செயினின் உருளை பல்லின் அடியில் உட்காராது, கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். நாள்பட பல்லும் அதற்கேற்ற மாதிரி குடைந்து கொக்கியாகிவிடும். இப்போது அதில் சரியான அளவுள்ள புதுச் செயினைப் போட்டால் உருளை குழிக்குள் இறங்காமல் கொக்கியின் முதுகில் நிற்கும். கையால் சுற்றும்போது பாரம் இல்லை, அதனால் ஒன்றும் தெரியாது. எழுந்து நின்று மிதிக்கும்போது முழு உடம்பின் பாரமும் அங்கே போகும். வழுக்கும். அந்த அண்ணன் அதிகம் ஓட்டியது 15-லும் 17-லும், அதனால் அது இரண்டும்தான் அதிகம் தேய்ந்திருந்தது.

பழைய செயினைப் போட்டு மேம்பாலம் போனான். எழுந்து நின்றான். மிதித்தான். அழுத்தி மிதித்தான்.

சத்தமே இல்லை.

பாலத்தின் உச்சியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். சந்தோஷமும் வந்தது, வெட்கமும் வந்தது. கேபிளைச் சந்தேகப்பட்டான், ஆணியைச் சந்தேகப்பட்டான், ஒன்றுமறியாத டிரெய்லியரைச் சந்தேகப்பட்டு மாற்றியே விட்டான். கேசட்டை மட்டும் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை. கேசட்டைச் சந்தேகப்பட்டால், மேட் கறுப்பு ஹேண்டில்பாருக்காகக் கேசட்டில் மிச்சம் பிடித்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். அம்மாவிடம் சொன்ன "ஆமாம்மா"வையும் சந்தேகப்பட வேண்டும். அதைவிட டிரெய்லியர் வாங்குவது சுலபமாக இருந்தது. வீணாக வாங்கியதையெல்லாம் கூட்டினால் ஒரு புதுக் கேசட் விலையைத் தாண்டியிருந்தது.

பழைய செயினோடேயே ஓட்டியிருக்கலாம்தான். ஆனால் அது புது முன்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஹேண்டில்பாரையும் பெடலையும் வகுப்பிலேயே ஒருத்தனிடம் விற்றான். சாதா ஹேண்டில்பார், சாதா பெடல், புதுக் கேசட். செயின் விப்பும் லாக்ரிங் சாவியும் கடன் வாங்கி, பெரியவர் கடை வாசலிலேயே உட்கார்ந்து மாட்டினான். அவர் அந்தக் கேசட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒரு காடி மட்டும் ஒல்லியா இருக்கே?" என்று கேட்டார். தப்பான பக்கம் மாட்ட முடியாமல் இருக்கத்தான் அப்படி என்று இவன் சொன்னான். "அட!" என்றார். கூலி வாங்கவில்லை. டீ மட்டும் வாங்கித் தரச் சொன்னார்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னான். "எல்லாம் புதுசுன்னு சொன்னேன்லம்மா... ஒண்ணு மட்டும் பழசு. அதான் தாவிட்டே இருந்துச்சு. இப்ப மாத்திட்டேன்."

அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே, "அதான் ரெண்டு மாசமா முழங்கால்ல தைலம் தேய்ச்சுட்டு இருந்தியா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை சைக்கிளை எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே குரல் கொடுத்தான். "ஏய், வர்றியா? ஒரு ரவுண்டு இல்ல, எத்தனை வேணும்னாலும் போ." அவள் தெரு முனையைத் தாண்டிப் போய்விட்டாள். இவன் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் ஏதும் வரவில்லை.

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. நம்மாளு 20-ம் ஏறினான். கடைசியாகத்தான் வந்தான், அதற்குக் காரணம் சைக்கிள் இல்லை :-)

உங்கள் சைக்கிள் தாவினால்...

1. கையால் சுற்றினாலே தாவுகிறதா, பாரம் போட்டால் மட்டுமா? கையிலேயே தாவினால் கேபிள், டிரெய்லியர், அதை மாட்டியிருக்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீழே விழும்போது ஃபிரேம் தப்பிக்க, வளைவதற்கென்றே மெலிதாகச் செய்த துண்டு அது. புது ஃபிரேமிலும் வளைந்து வரலாம்.

2. எண்ணுங்கள். ஒரே சீராகத் தாவினால் கண்ணியை வகுத்துப் பாருங்கள். பெரும்பாலும் விறைத்த கண்ணிதான்.

3. ஒன்றிரண்டு சக்கரத்தில் மட்டும், பாரத்தில் மட்டும் தாவினால் அந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது. எந்தத் திருகைத் திருகினாலும் சரியாகாது.

4. எந்த கியரிலும் பெடல் சட்டென்று நழுவுகிறது, ஆனால் செயின் பல்லைவிட்டு எழவே இல்லை என்றால், ஹப்புக்குள் இருக்கும் ஃப்ரீஹப் பிடிக்கவில்லை. அதை உடனே கவனியுங்கள்.

5. எட்டு, ஒன்பது, பத்து கியர் செயின் 0.75 சதவீதம் நீண்டதும் மாற்றிவிடுங்கள். பதினொன்று, பன்னிரண்டு என்றால் 0.5-லேயே. செயினை நேரத்துக்கு மாற்றினால் கேசட் பிழைக்கும்.

பின்குறிப்பு: மலைச் சைக்கிளே இப்படித்தான் பிறந்தது. 1970-களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி கூட்டம் பழைய ஷ்வின் சைக்கிள்களில் கிடைத்த பாகத்தையெல்லாம் மாட்டி மலையிலிருந்து இறங்கியது. 1976-ல் தொடங்கிய அவர்கள் பந்தயத்துக்கு "ரீபேக்" என்று பேர். ஒரு தடவை இறங்கினாலே பின் பிரேக் ஹப்பில் கிரீஸ் வெந்து புகைந்துவிடும், திரும்ப அடைக்க வேண்டும், அதனால் அந்தப் பேர். ஆக, பழைய பாகம் மாட்டுவது பாவமே இல்லை. எது பழசு என்று மறக்காமல் இருந்தால் போதும்.